இருபதாயிரத்துக்குள் ஒரே மானிட்டர்: பகலில் காலண்டர் டிசைன், இரவில் வேலரன்ட்

கேள்வி: சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ்களுக்கு காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் டிசைன் செய்து தருகிறேன். வேலை முடிந்ததும் இரவில் வேலரன்ட் விளையாடுவேன். பழைய மானிட்டர் மங்கிவிட்டது. 20,000 ரூபாய்க்குள் இரண்டுக்கும் பொருந்தும் மானிட்டர் எது? கடைக்காரர் "125 சதவீதம் எஸ்ஆர்ஜிபி, எச்டிஆர் 400" என்று ஒன்றைக் காட்டுகிறார். இன்னொன்று, திரையில் பளிச்சென்று இருக்கும் டிசைன் அச்சில் இருட்டடித்து வருகிறது. புது மானிட்டர் வாங்கினால் அது சரியாகுமா?

பதில்: கடைக்காரர் காட்டிய அந்த இரண்டு எண்களையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். இந்த விலையில் எச்டிஆர் 400 உங்களுக்கு உதவாது. 125 சதவீதமோ வேலையைக் கெடுக்கவும் கூடும்.

எஸ்ஆர்ஜிபி என்பது 1996-இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து வகுத்த நிற அளவுகோல். இணையத்தில் நாம் பார்க்கும் படங்களும், சாதாரணமாக ஓடும் விளையாட்டுகளும் பெரும்பாலும் அதன்படிதான் தயாராகின்றன. அதைவிட அகன்ற நிறப் பரப்புள்ள திரையில், ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருள் மட்டும் திரையின் நிற இயல்பைச் சொல்லும் புரொஃபைல் கோப்பைப் பார்த்து நிறத்தைத் திருத்திக் காட்டும். விளையாட்டுகளும் பல சாதாரணச் செயலிகளும் திருத்தாது. சிவப்பு கண்ணைக் குத்தும், முகங்கள் வெயிலில் வெந்ததுபோல் சிவந்து தெரியும். ஒரே படம் இரண்டு செயலியில் இரண்டு நிறமாகத் தெரிந்தால் எதை நம்பி வேலை செய்வது?

இன்னொரு விஷயமும் உண்டு. 125 சதவீதம் என்பது வெறும் பரப்பளவுக் கணக்கு. நிலத்தின் பரப்பு கூடுதலாக இருந்தாலும் எல்லைக்கல் தள்ளிக் கிடந்தால் உங்கள் பங்கில் ஒரு மூலை குறையும் அல்லவா, அதுபோல சிவப்பு வெளியே நீண்டு நீலமோ பச்சையோ உள்ளே சுருங்கியிருக்கலாம். அதனால் பெட்டியில் 'எஸ்ஆர்ஜிபி கவரேஜ் 99 சதவீதம்' என்று இருக்கிறதா பாருங்கள். சில கம்பெனிகள் பழைய டிவி நிற அளவுகோலான என்டிஎஸ்சியில் கணக்கிட்டு '72 சதவீதம் என்டிஎஸ்சி' என்று போடும். பரப்பளவில் அது ஏறத்தாழ முழு எஸ்ஆர்ஜிபிக்குச் சமம். '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று இருந்தால் தொடவே வேண்டாம்.

எனவே உங்களுக்கு நான் சொல்வது: 27 அங்குலம், 1440பி (2560 x 1440 பிக்சல்), ஐபிஎஸ் வகைப் பேனல், 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 காட்சிகள்) அல்லது அதற்கு மேல், 99 சதவீத எஸ்ஆர்ஜிபி. எல்ஜி 27ஜிஆர்75கியூ, டெல் ஜி2724டி இரண்டுமே இந்த வகை, இரண்டும் 165 ஹெர்ட்ஸ். தள்ளுபடி நாட்களில் விலை இறங்கும்போது பாருங்கள். விளையாட்டு வாரத்துக்கு ஒருநாள்தான், பட்ஜெட்டையும் கொஞ்சம் நீட்ட முடியும் என்றால் ஆசூஸ் புரோஆர்ட் பிஏ278கியூவி நல்ல தேர்வு. தொழிற்சாலையிலேயே நிறத்தை அளந்து திருத்தி அனுப்புகிறார்கள். ஆனால் அது 75 ஹெர்ட்ஸ்தான், வேலரன்ட் ஆடுபவருக்குக் கை கட்டிப்போட்டதுபோல் இருக்கும்.

கடையில் விஏ என்ற இன்னொரு வகைப் பேனலின் கறுப்பு உங்களை இழுக்கும். ஐபிஎஸ்ஸின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், சுமார் 1000:1, விஏவுக்கு 3000:1 வரை வரும். ஆனால் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தாலே விஏவில் நிறம் மாறும், இருண்ட காட்சிகளில் வேகமாகத் திரும்பினால் நிழல் இழுபடும். எச்டிஆர் 400 என்றால் திரை உச்சத்தில் 400 நிட்ஸ் வெளிச்சம் தரும், அவ்வளவுதான். பகுதி பகுதியாக வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி அதற்குக் கட்டாயமில்லை என்பதால் கறுப்பு கறுப்பாகாது.

விளையாட்டுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். 60 ஹெர்ட்ஸில் ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் 16.7 மில்லிசெகண்ட், 144-இல் 6.9, 180-இல் 5.6. பெரிய தாவல் முதலில் வந்துவிடுகிறது. பிக்சல் நிறம் மாற '1 மில்லிசெகண்ட்' போதும் என்ற விளம்பரத்தை நம்பி, அந்த மாற்றத்தை வேகப்படுத்தும் ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்தால் நகரும் உருவங்களின் ஓரத்தில் வெளிறிய கோடு தெரியும், நடு அளவே போதும். 1440பியில் 1080பியைவிட சுமார் 78 சதவீதம் அதிகப் பிக்சல்கள். வேலரன்ட்டுக்கு அது பாரமில்லை. பெரிய விளையாட்டுகளும் ஆடுவீர்கள், கிராஃபிக்ஸ் கார்டு பழசு என்றால் 24 அங்குலம் 1080பி எடுங்கள். 27 அங்குலத்தில் 1080பி மட்டும் வேண்டாம், எழுத்தின் விளிம்பு பிசிறடிக்கும்.

சரி, அச்சு இருட்டடிப்பதற்கு வருவோம். புது மானிட்டர் மட்டும் இதைத் தீர்க்காது, இன்னும் மோசமாகவும் ஆக்கலாம். மானிட்டர்கள் பெட்டியிலிருந்து வரும்போது கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தில் வருகின்றன. காகிதத்துக்கோ சொந்த வெளிச்சம் கிடையாது. அளவுக்கு மீறி ஒளிரும் திரையைப் பார்த்து "போதும்" என்று நீங்கள் நிறுத்தும் அரக்கு நிறம், அச்சில் கறுப்பை நெருங்கிவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் எனக்கும் இது நடந்தது. அச்சடித்தவர்மேல் தவறில்லை, என் திரையின் வெளிச்சம்தான் காரணம். அச்சு வேலைக்கு 80 முதல் 120 நிட்ஸ் போதும். அளக்கக் கருவி இல்லையென்றால், வேலை செய்யும் விளக்கொளியில் ஒரு வெள்ளை ஆர்ட் பேப்பரைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அது விளக்குபோல் எரியாமல் காகிதம்போல் தெரியும்வரை பிரைட்னஸைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முதல் இரண்டு நாள் மங்கலாகத் தோன்றும், அப்புறம் கண் பழகிவிடும்.

நிற வெப்பநிலை 6500, காமா 2.2. டைனமிக் கான்ட்ராஸ்ட், இருட்டுப் பகுதியை வெளிறச் செய்யும் கேமிங் வசதி, விண்டோஸின் நைட் லைட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இதை மானிட்டர் மெனுவில் வேலைக்கென ஒரு பதிவாகவும், விளையாட்டுக்கென இன்னொன்றாகவும் சேமிக்கலாம். பிரஸ்ஸில் அவர்கள் பயன்படுத்தும் ஐசிசி புரொஃபைலை (அச்சில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) கேட்டு வாங்கி, ஃபோட்டோஷாப்பில் புரூஃப் செட்டப்பில் அதைக் கொடுத்து கன்ட்ரோல் ஒய் அழுத்திப் பாருங்கள். பளீர் ஆரஞ்சும் கிளிப்பச்சையும் அங்கேயே அடங்கித் தெரியும். சிஎம்ஒய்கே மையில் அவை வரவே வராது, எந்த மானிட்டராலும் வரவைக்க முடியாது. முடிந்தால் நான்கு டிசைனர்கள் சேர்ந்து திரையின் நிறத்தை அளந்து திருத்த உதவும் ஸ்பைடர் அல்லது கேலிப்ரைட் கருவி ஒன்று வாங்குங்கள். அதோடு சேர்த்துப் பயன்படுத்தும் டிஸ்ப்ளேகால் மென்பொருள் இலவசம்.

மானிட்டர் வந்த அன்றே டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இணைத்து, விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் 60 ஹெர்ட்ஸிலேயே நிற்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள். எச்டிஎம்ஐதான் என்றால், என்விடியா அமைப்பில் டைனமிக் ரேஞ்ச் 'ஃபுல்' என்று இருக்கட்டும், இல்லாவிட்டால் கறுப்பு சாம்பலாகத் தெரியலாம். அப்புறம் விளக்கை அணைத்து முழுக் கறுப்புத் திரையைப் பாருங்கள். மூலையில் தெரியும் வெளிச்சம் தலையை நகர்த்தும்போது மாறினால் அது ஐபிஎஸ்ஸின் இயல்பு. எங்கிருந்து பார்த்தாலும் அதே இடத்தில் வெள்ளைத் திட்டாக நின்றால், மாற்றிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் திருப்பி அனுப்புங்கள்.