பயாப்ஸி முடிந்ததா? அந்த மெழுகு பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. இடது மார்பில் இருந்த கட்டியில் ஊசி மூலம் பயாப்ஸி எடுத்தார்கள். ஆறு நாள் கழித்து வந்த ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று இருக்கிறது. ஆனால் ஐ.எச்.சி. என்று இன்னொரு பரிசோதனை செய்ய வேண்டும், மேலும் ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள். வேறு பெரிய மருத்துவமனையில் காட்டலாம் என்றால், அங்கேயும் ஊசி குத்துவார்களோ என்று அம்மா பயப்படுகிறார். ஊசி பட்டாலே நோய் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் வேறு சொல்கிறார்கள். என்ன செய்வது? — ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் அம்மாவிடம் இதைச் சொல்லிவிடுங்கள்: அநேகமாக மறுபடியும் ஊசி குத்த வேண்டியிருக்காது. அவரிடமிருந்து எடுத்த சதை தீர்ந்துபோகவில்லை. சின்னதொரு மெழுகுத் துண்டுக்குள் பதிந்து, அந்த ஆய்வகத்தின் அலமாரியில் இருக்கிறது. அதைத்தான் பிளாக் என்கிறோம். வேறு மருத்துவமனைக்குப் போகும்போது ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. இந்த பிளாக்கும், அதிலிருந்து சீவி எடுத்த கண்ணாடி ஸ்லைடுகளும் கூடவே போக வேண்டும். இது தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் அலைகின்றன, நோயாளிகள் தேவையில்லாமல் இரண்டாவது முறை வலியைத் தாங்குகிறார்கள். மருத்துவக் கல்லூரியில் பேத்தாலஜி, அதாவது சதையை ஆராய்ந்து நோயைக் கண்டறியும் துறையைக் கற்பிக்கும் எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆறு நாள் ஏன் ஆனது? ரத்தத்தைப் போல, சதையை ஒரு இயந்திரத்தில் வைத்து உடனே முடிவு எடுக்க முடியாது. உடலைவிட்டு வெளியே வந்த கணத்திலிருந்து செல்கள் சிதையத் தொடங்குகின்றன. அதை நிறுத்துவதற்குத்தான் ஃபார்மலின் என்ற திரவம். 1893இல் ஃபெர்டினாண்ட் ப்ளும் என்ற ஜெர்மானிய மருத்துவர் அதைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது, தன் விரல் நுனித் தோல் விறைத்துப்போவதைக் கவனித்தார். அப்படித்தான் அது சதையைக் கெடாமல் நிறுத்திவைக்கும் என்பது தெரிய வந்தது. இன்றும் உலகம் முழுக்க அதே திரவம்தான். செல்லிலுள்ள புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, எது எங்கே இருந்ததோ அங்கேயே நிறுத்திவிடுகிறது.

ஆனால் அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். மார்பகச் சதை குறைந்தது 6 மணி நேரம், அதிகமாகப் போனால் 72 மணி நேரம் ஃபார்மலினில் ஊற வேண்டும் என்பது கணக்கு. ஊசியில் வந்த மெல்லிய துண்டுக்கும் இந்த 6 மணி நேரம் பொருந்தும். அப்புறம் ஆல்கஹாலில் நீரை நீக்கி, சைலீன் என்ற கரைப்பானில் ஆல்கஹாலை நீக்கி, சுமார் 60 டிகிரியில் உருகிய மெழுகை உள்ளே ஏற்ற வேண்டும். இதற்கே ஒரு இரவு போய்விடும். மறுநாள் மைக்ரோட்டோம் என்ற கருவியில் 3, 4 மைக்ரான் கனத்துக்குச் சீவுவார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். அவ்வளவு மெல்லிய சீவல் நிறமற்றுத்தான் இருக்கும் என்பதால் ஹெமட்டாக்ஸிலின், ஈயோசின் என்ற இரண்டு சாயங்களை ஏற்றுகிறோம். செல்லின் உட்கரு நீலமாகவும் மற்ற பகுதிகள் இளஞ்சிவப்பாகவும் தெரியும். ஹெமட்டாக்ஸிலின் இன்றும் மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையிலிருந்துதான் வருகிறது. இத்தனை நவீன கருவிகளுக்கு நடுவே ஒரு மரச்சாயம் இன்னும் எங்கள் மேஜையில் இருப்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

இதற்குப் பிறகுதான் ஒருவர் மைக்ரோஸ்கோப்பில் கண் வைக்கிறார். அவரும் ஒரு மருத்துவர்தான். அந்த ரிப்போர்ட் அவர் யோசித்து எழுதும் கருத்து. அதனால் பரிசோதனைப் படிவத்தில் வயது, கட்டி எங்கே இருக்கிறது, ஸ்கேனில் என்ன தெரிந்தது, முன்பு ஏதாவது சிகிச்சை நடந்ததா என்பதெல்லாம் எழுதியிருக்க வேண்டும். பல படிவங்கள் 'மார்பகக் கட்டி' என்ற இரண்டு வார்த்தையோடு வருகின்றன. அது பெரிய குறை. படிவம் காலியாக இருந்தால் தயங்காமல் நிரப்பித் தரச் சொல்லுங்கள்.

மாணவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லித்தருவது, உருப்பெருக்கத்தைக் குறைத்து வைத்துப் பார்ப்பது. தெருவைப் பார்க்காமல் ஒரு வீட்டை மட்டும் பார்த்து ஊரைப் பற்றிச் சொல்ல முடியாது. மார்பகத்தில் பால் நாளங்களின் சுவரில் இரண்டு அடுக்குச் செல்கள் இருக்கும். வெளியடுக்கு உள்ளடுக்கைச் சுற்றி நிற்கும். அந்த வெளியடுக்கே இல்லாமல் செல்கள் சுற்றியுள்ள திசுவுக்குள் ஊடுருவியிருந்தால்தான் அது ஊடுருவும் புற்றுநோய். ஒரு செல் பெரிதாக, கறுப்பாக, விகாரமாகத் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து முடிவுசெய்யக் கூடாது. உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டில் 'கிரேடு' என்று ஒரு எண் இருக்கும். செல்கள் எவ்வளவு தூரம் குழாய் வடிவம் கட்டுகின்றன, உட்கருக்கள் எவ்வளவு மாறுபட்டிருக்கின்றன, எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்ற மூன்றுக்கும் தலா 1 முதல் 3 மதிப்பெண் கொடுத்துக் கூட்டுகிறோம். 5 வரை கிரேடு 1, 6 அல்லது 7 என்றால் கிரேடு 2, 8 அல்லது 9 என்றால் கிரேடு 3. இதை நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று சொல்லும் 'ஸ்டேஜ்' உடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். கிரேடு 3 என்பது மூன்றாம் நிலைப் புற்றுநோய் அல்ல. இந்தக் குழப்பத்தால் இடிந்துபோகிறவர்கள் நிறைய.

சரி, ஐ.எச்.சி. எதற்கு? புற்றுநோய் என்று தெரிந்தாயிற்று. எந்த மருந்துக்குப் பணியும் என்று தெரிய வேண்டாமா? ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ற மூன்று புரதங்கள் அந்தச் செல்களில் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் இது. முதல் இரண்டும் ஹார்மோன்கள் வந்து ஒட்டும் புரதங்கள். ஒவ்வொரு புரதத்தோடும் குறிப்பாக ஒட்டும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) ஸ்லைடின் மேல் விட்டு, ஒட்டிய இடம் பழுப்பாகத் தெரியச் செய்கிறோம். ஒரே மாதிரியான எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உண்டாக்கும் வழியை 1975இல் கோலர், மில்ஸ்டைன் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததால்தான் இது அன்றாடப் பரிசோதனை ஆனது. ஈ.ஆர். இருந்தால் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைகள் வேலை செய்ய வாய்ப்பு உண்டு. ஹெர்-2 கதை இன்னும் முக்கியமானது. அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணு பெருகியிருக்கும் கட்டிகள் வேகமாகத் திரும்பி வருகின்றன என்பதை லாஸ் ஏஞ்சலிஸில் டென்னிஸ் ஸ்லாமனின் குழு 1987இல் காட்டியது. அதைக் குறிவைத்த டிராஸ்டுசுமாப் மருந்துக்கு 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரு காலத்தில் மோசமான செய்தியாக இருந்த 'ஹெர்-2 பாசிட்டிவ்' இன்று சிகிச்சைக்கு வழிகாட்டும் செய்தி. அதைத் தெரிந்துகொள்ள ஒரு வாரம் காத்திருக்கலாம். காத்திருக்கத்தான் வேண்டும்.

இனி, வேறு இடத்தில் காட்டுவது பற்றி. சிகிச்சை தொடங்குவதற்கு முன்பு இன்னொரு பேத்தாலஜி மருத்துவரின் கருத்தைக் கேட்பது முழுக்க நியாயமானது; யாரையும் சந்தேகிப்பதாக ஆகாது. பயாப்ஸி செய்த ஆய்வகத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேளுங்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள். சில இடங்களில் ஒரு பகுதியை வைத்துக்கொள்வார்கள். எண் சரியாக இருக்கிறதா என்று ரிப்போர்ட்டோடு அங்கேயே ஒத்துப் பாருங்கள். சாயம் ஏற்றாத ஸ்லைடுகளை மட்டும் கொடுத்தால், பிளாக்கும் கிடைக்குமா என்று கேளுங்கள். சீவி வைத்த ஸ்லைடில் நாளாக ஆகப் புரதத்தின் வீரியம் குறையும். பிளாக்கினுள் அது நெடுங்காலம் நன்றாக இருக்கும்.

பிளாக்குக்கு ஆகாதது சூடுதான். மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை விட்டுப் போகாதீர்கள், மெழுகு இளகிவிடும். பஞ்சில் சுற்றி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கையோடு கொண்டுபோனால் போதும். இன்னொன்று: ஊசிச் சதை மிகச் சிறியது. ஒவ்வொரு முறை மைக்ரோட்டோமில் வைக்கும்போதும் முகப்பைச் சமப்படுத்தவே கொஞ்சம் வீணாகும். அதனால் தேவையான பரிசோதனைகள் எல்லாவற்றுக்கும் ஒரே முறையில் சீவிவிட முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஊசியால் நோய் பரவும் என்ற பயத்துக்கு வருகிறேன். ஊசி போன தடத்தில் சில செல்கள் இடம்பெயர்வது உண்டு; ஸ்லைடில் நாங்களே பார்க்கிறோம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. மார்பக ஊசி பயாப்ஸியால் நோயாளிகளின் ஆயுள் குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. பயாப்ஸி இல்லாமல் நேராக அறுவை சிகிச்சைக்குப் போவதுதான் உண்மையில் ஆபத்து. அது புற்றுநோயே இல்லாமல் இருக்கலாம். அல்லது முதலில் மருந்து கொடுத்துச் சுருக்கிவிட்டு, பிறகு அறுக்க வேண்டிய கட்டியாக இருக்கலாம். உறவினர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

பிளாக் எவ்வளவு காலம் பேசும் என்பதற்கு ஒரு சான்று. 1918இல் ஃப்ளூ காய்ச்சலில் இறந்த அமெரிக்கப் படைவீரர் ஒருவரின் நுரையீரல் சதை, ராணுவ நோயியல் நிறுவனத்தில் மெழுகுக்குள் இருந்தது. ஜெஃப்ரி டாபன்பெர்கரின் குழு அதிலிருந்து அந்த வைரஸின் மரபணுத் துண்டுகளை மீட்டு 1997இல் வெளியிட்டது. சுமார் 80 ஆண்டுகள் கழித்து! எடுத்து வைத்தவர்களுக்கு அப்படியொரு பரிசோதனை வரும் என்றே தெரியாது. உங்கள் அம்மாவுக்கும் இது பொருந்தும். ஹெர்-2 குறைவாக உள்ள, முற்றிய கட்டிகளிலும் ஒரு புதிய மருந்து பலன் தருவதாக 2022இல் தெரிய வந்தபோது, பழைய பிளாக்குகளையும் பழைய ஸ்லைடுகளையும் எடுத்து மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. மிஞ்சும் சதையைப் பாடத்துக்கோ ஆராய்ச்சிக்கோ பயன்படுத்தலாமா என்று கல்லூரி மருத்துவமனையில் ஒப்புதல் கேட்டால், படித்துப் பார்த்து அம்மாவே முடிவு செய்யட்டும். மறுத்தாலும் சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது.

அறுவை சிகிச்சை நடந்தால், எடுத்த சதையை ஒரு பாட்டிலில் போட்டு உங்கள் கையில் கொடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வாய்ப்பு உண்டு. நம் ஊரில் இது வழக்கம். அப்போது கவனம் தேவை. சதையைப் போல பத்து மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டும்; வாய் அகன்ற டப்பாவாக இருக்க வேண்டும். குறுகிய வாய் பாட்டிலில் திணித்தால் சதை நசுங்கும், விறைத்த பிறகு வெளியே எடுக்கவும் வராது. வெறும் சலைனில் போடுவதும் ஃப்ரீசரில் வைப்பதும் கூடாது. ஃபார்மலின் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும். எனவே முழு மார்பகம் என்றால், நடுவிலுள்ள கட்டியை அது எட்டுவதற்குள் சதை கெட்டு, ஐ.எச்.சி. பொய்யாக 'நெகட்டிவ்' காட்டலாம். உடலைவிட்டு எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் சேர்த்து, சீக்கிரமே ஆய்வகத்தில் கொடுத்துவிட்டால் அவர்களே முறையாக வெட்டித் திறந்து வைப்பார்கள். எடுத்த நேரத்தைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் ஐ.எச்.சி. முடிவு வரும்போது ஹெர்-2 பக்கத்தில் 0, 1+, 2+, 3+ என்று ஏதாவது ஒன்று இருக்கும். 3+ என்றால் பாசிட்டிவ். 0, 1+ என்றால் நெகட்டிவ். 2+ வந்தால் பதற வேண்டாம். அது இரண்டுங்கெட்டான் நிலை. ஃபிஷ் என்ற மரபணுப் பரிசோதனை செய்துதான் முடிவு சொல்ல முடியும். அதற்கும் புதிதாக ஊசி வேண்டாம். பெரும்பாலும் அதே பிளாக் போதும்.