பீடிஎப் பூட்டு: ஹட்டன் கொமியூனிகேஷன் அண்ணனின் கேள்வி பதில்

தலவாக்கலை டீச்சர்: தவணைப் பரீட்சைத் தாளை மற்றப் பாடசாலைகளுக்கு அனுப்ப வேண்டும். பீடிஎப் ஆக்கும்போது லிப்ரே ஆபிஸ் மென்பொருள் இரண்டு பாஸ்வேர்ட் கேட்கிறதே?

இரண்டுக்கும் வேலை வேறு, டீச்சர். திறக்கும் பாஸ்வேர்ட் இல்லாமல் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அனுமதிப் பாஸ்வேர்ட், அச்சிடலாமா, பிரதி எடுக்கலாமா, திருத்தலாமா என்பதற்கு. அதை மட்டும் போட்டால் கோப்பு யாருக்கும் திறக்கும். 'அச்சிடாதே' என்பதற்கு வாசிக்கும் மென்பொருள் கட்டுப்பட்டால்தான் உண்டு. கியூபிடிஎப் என்ற இலவசக் கருவி ஒரே கட்டளையில் கழற்றிவிடும். தேயிலை மலையில் 'உட்செல்லத் தடை' பலகை நட்ட கதைதான், மாட்டுக்கு வாசிக்கத் தெரியாது. உங்களுக்குத் திறக்கும் பாஸ்வேர்டே வேண்டும். அதைக் கோப்போடு அனுப்பாதீர்கள், போனில் கோல் எடுத்துச் சொல்லுங்கள்.

பண்டாரவளை தம்பி: விண்டோஸ் வேர்டில் அச்சிடத் தடை எங்கே?

இல்லை. பீடிஎப்பாகச் சேமிக்கும்போது ஒப்ஷன்ஸில் திறக்கும் பாஸ்வேர்ட் மட்டும்தான்.

கொட்டகலை தங்கச்சி: பீடிஎப்/ஏ டிக் போட்டேன், பாஸ்வேர்ட் போட விடவில்லை.

அது நெடுங்காலம் சேமித்து வைப்பதற்கான வகை, பூட்டக் கூடாது. டிக்கை எடுங்கள்.

மஸ்கெலியா தோட்டக் கிளாக்கர்: சம்பளச் சிட்டையை அவரவர் அடையாள அட்டை இலக்கத்தால் பூட்டுகிறோம். போதும்தானே?

போதாது. 12 இலக்க அட்டையில் முதல் 4 பிறந்த வருடம், அடுத்த 3 அந்த வருடத்தின் எத்தனையாவது நாள், பெண்ணென்றால் 500 கூட்டியிருக்கும். பிறந்தநாள் தெரிந்தவனுக்கு மிச்சம் 5 இலக்கம், அதாவது ஒரு லட்சம் முயற்சி. கணினிக்கு அது பெரிய வேலையில்லை. பழைய அட்டையில் 4 இலக்கம்தான் மிச்சம்.

நுவரெலியா வாசகர்: மூன்று தரம் பிழைத்தால் பூட்டிக்கொள்ளாதா?

ஏடிஎம் இல்லை ஐயா. கோப்பு அவன் கையில், தடவை எண்ண ஆளில்லை.

கிளாக்கர் மறுபடி: பேசுவது லேசு. லயத்தில் ஒரு போனை நாலு பேர் பாவிக்கிறார்கள். வேறு பாஸ்வேர்ட் கொடுத்தால் மறந்துவிட்டு என் ஜன்னலில்தான் வந்து நிற்பார்கள்.

நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே போன் என்றால் அடையாள அட்டையும் அதே வீட்டில்தானே இருக்கிறது? சம்பந்தமில்லாத நாலு சொல்லை, palakottai sakku kudai lantharu மாதிரி, ஆனால் இதையே போடாமல் நீங்களே பொறுக்கி, துண்டில் எழுதி ஒவ்வொருவர் கையிலும் ஒரு தரம் கொடுங்கள்.

கிளாக்கர்: 600 துண்டா?

செக்ரோல் (தோட்ட வேலைப் பதிவேடு) எழுதுகிற கைக்கு அது பெரிதா? சரி, முதலில் ஒரு டிவிஷனுக்குச் செய்து பாருங்கள்.

பொகவந்தலாவை வாசகர்: திறக்கும் பாஸ்வேர்ட் மறந்துவிட்டது.

இன்றைக்கு இது மூன்றாவது ஆள். மூலக் கோப்பிலிருந்து திரும்ப எடுங்கள். பாஸ்வேர்டைக் கோப்பின் பெயரில் எழுதாதீர்கள். போன கிழமை அப்படியே ஒன்று கடைக்கு வந்தது.

ஹட்டன் தம்பி: அண்ணே, நேற்று உங்கள் கடையில் சீவியைப் பூட்டி எடுத்துப்போனேன். இனிப் பயமில்லையே?

பூட்டியது பீடிஎப்பை மட்டும். மூலக் கோப்பு பூட்டில்லாமல் டெஸ்க்டொப்பில் கிடந்தது, தம்பி. உங்கள் அம்மாவின் போன் நம்பரும் அதில் இருந்தது. அழித்துவிட்டேன்.