ஒரு வாரம் முதலிடம், மறுவாரம் முதல் சுற்றிலேயே வெளியேற்றம்: ஸ்னோபோர்டு கிராஸில் மகளின் திறமையை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி: நாங்கள் கனடாவில் வசிக்கிறோம். 15 வயதாகும் என் மகள் இரண்டு பருவங்களாக ஸ்னோபோர்டு கிராஸ் (பலகையில் நின்று பனிச்சரிவில் சறுக்கி இறங்கும் பந்தயம்) போட்டிகளில் கலந்துகொள்கிறாள். ஒரு வாரம் முதலிடம் பெறுகிறாள். மறுவாரம் முதல் சுற்றிலேயே வெளியேறிவிடுகிறாள். அவளுக்கு உண்மையில் திறமை இருக்கிறதா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? இந்த விளையாட்டில் ஒரு பெண்ணால் எத்தனை ஆண்டுகள் நீடிக்க முடியும்? முழங்காலை நினைத்தால் பயமாக இருக்கிறது. வழக்கமான பள்ளியை விட்டுப் பனிச்சறுக்குப் பயிற்சிப் பள்ளியில் சேர்க்கலாமா?

பதில்: நீங்கள் சொல்லும் ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதி உங்கள் மகளுடையது அல்ல, விளையாட்டின் அமைப்பினுடையது. முதலில் ஒவ்வொருவரும் தனியாகச் சறுக்கி, எடுத்துக்கொண்ட நேரத்தின்படி தகுதி பெறுகிறார்கள். அதன்பின் நால்வர் ஒரே நேரத்தில், மேடுகளும் சரிந்த வளைவுகளும் தாவல்களும் நிறைந்த ஒரே தடத்தில் இறங்குகிறார்கள். முதல் இருவர் மட்டுமே அடுத்த சுற்றுக்குப் போக முடியும். முன்னால் செல்பவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால், அவருக்குப் பின்னால் ஒட்டி வருபவருக்குக் காற்றின் எதிர்ப்பு குறைந்து, இறுதி நேர்ப்பகுதியில் முந்திவிட வாய்ப்புக் கிடைக்கிறது. பக்கத்தில் வருபவர் தடுமாறினாலும் உங்கள் மகளின் போட்டி அதோடு முடிந்துவிடலாம். 2021 உலகச் சாம்பியனான பிரிட்டனின் சார்லட் பேங்க்ஸ் மறு ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் காலிறுதியைத் தாண்டவில்லை. அவருடைய திறமை ஓராண்டில் கரைந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை.

இதை முழுமையாக விளங்கிக்கொள்ள அமெரிக்காவின் லிண்ட்சி ஜேக்கபெல்லிஸின் வாழ்க்கையைப் பார்ப்பது நல்லது. 2006 டூரின் ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது அவருக்கு வயது 20. இறுதிச் சுற்றில் மற்றவர்கள் விழுந்தும் பின்தங்கியும் போக, ஏறத்தாழ மூன்று வினாடிகள் முன்னிலையில் இருந்த அவர், கடைசிக்கு முந்தைய தாவலில் காற்றில் இருந்தபடி கையைப் பின்னால் நீட்டிப் பலகையின் விளிம்பைப் பற்றினார். அந்த அலங்காரத்துக்கு அங்கே தேவையே இல்லை. தரையிறங்கும்போது விழுந்தார், பின்னால் வந்த சுவிட்சர்லாந்தின் தான்யா ஃப்ரீடன் தங்கத்தை எடுத்துச் சென்றார். ஜேக்கபெல்லிஸ் எழுந்து வந்து வெள்ளி பெற்றார். அதே இறுதிச் சுற்றில் முன்னரே விழுந்துவிட்ட கனடாவின் டொமினிக் மால்டே, எழுந்து தொடர்ந்து சறுக்கி வெண்கலம் வாங்கினார் என்பதையும் உங்கள் மகளிடம் சொல்லுங்கள். இந்த விளையாட்டில் விழுந்தவர் உடனே எழுந்து தொடர்வதற்குப் பயன் உண்டு.

அதன்பின் 2010 வான்கூவரில் அரையிறுதியில் தடத்தை விட்டு விலகி ஐந்தாமிடம், 2014 சோச்சியில் அரையிறுதியில் விழுந்து ஏழாமிடம், 2018 பியாங்சாங்கில் பதக்கத்தை நூலிழையில் தவறவிட்டு நான்காமிடம். ஒலிம்பிக்கை மட்டும் பார்த்தவர்களுக்கு அவர் ‘வாய்ப்பைக் கோட்டைவிட்டவர்’ ஆகவே இருந்தார். ஆனால் 2005, 2007, 2011, 2015, 2017 ஆகிய ஐந்து உலகச் சாம்பியன்ஷிப்புகளில் தனிநபர் தங்கமும், எக்ஸ் கேம்ஸ் எனப்படும் சாகச விளையாட்டுப் போட்டிகளில் 10 தங்கமும் வென்றவரும் அவரே. நான்காண்டுக்கு ஒருமுறை, ஒரே நாளில் நடக்கும் ஒரு போட்டியைக் கொண்டு ஒருவரை எடைபோடுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்த விளையாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆகவே இறுதி இடத்தைக் குறித்துவைப்பதை ஒரு பருவத்துக்கு நிறுத்துங்கள். தகுதிச் சுற்றில் முதலிடம் பெற்றவரின் நேரத்துக்கும் உங்கள் மகளின் நேரத்துக்கும் உள்ள இடைவெளி பருவம் முழுவதும் குறைகிறதா? தொடக்கக் கதவிலிருந்து முதல் வளைவை எட்டும்போது எத்தனையாவதாக இருக்கிறாள்? வெளியேறிய சுற்றுகளில் தானாக விழுந்தாளா, மற்றவர் மோதியதால் விழுந்தாளா? இந்த மூன்றையும் எழுதிவைத்தால் பத்துப் போட்டிகளுக்குள் ஒரு சித்திரம் கிடைத்துவிடும். தானாக விழுவதுதான் அடிக்கடி நடக்கிறது என்றால், பயிற்சியாளரிடம் பேச வேண்டிய விஷயம் அது.

எத்தனை ஆண்டுகள் நீடிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஜேக்கபெல்லிஸ் தம் முதல் ஒலிம்பிக் தங்கத்தை 2022 பெப்ரவரி 9 அன்று, 36 வயதில், பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வென்றார். மூன்று நாள் கழித்து, ஒலிம்பிக்கில் முதன்முறையாக நடத்தப்பட்ட கலப்பு அணிப் போட்டியில் சக அமெரிக்கரான 40 வயது நிக் பௌம்கார்ட்னருடன் இணைந்து இரண்டாவது தங்கத்தையும் பெற்றார். தடத்தைப் படிப்பது, எங்கே முந்துவது, எங்கே பொறுப்பது என்று முடிவெடுப்பது ஆகியவை ஆண்டுகளோடு வளரும் திறன்கள். எனவே 15 வயதில் அவசரப்பட எதுவுமில்லை.

நீடிக்கவிடாமல் தடுப்பது பெரும்பாலும் முழங்கால்தான். உங்கள் பயத்தில் நியாயம் உண்டு. 2012 ஜனவரியில் ஜேக்கபெல்லிஸுக்கு ஏ.சி.எல். எனப்படும் முழங்கால் தசைநார் கிழிந்து, அடுத்த பருவமே கைவிட்டுப்போனது. இத்தாலியின் மிக்கேலா மொயோலிக்கு 2014 சோச்சி இறுதிச் சுற்றில் இதே தசைநார் கிழிந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து பியாங்சாங்கில் தங்கம் வென்றவரும் அவரே. பருவ வயதுப் பெண்களுக்கு இந்தக் காயம் ஆண்களைவிட அதிகம் ஏற்படுகிறது. தாவித் தரையிறங்கும்போது முழங்கால் உட்பக்கம் சாயாமல் பழக்குவதும், தொடையின் பின்பக்கத் தசைகளையும் இடுப்பையும் வலுப்படுத்துவதும் இந்த அபாயத்தைக் குறைக்கும் என்பது உறுதியாகியுள்ளது. பனிக்காலம் தொடங்கும் முன்பே இதை ஆரம்பித்து, வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது செய்ய வேண்டும். ஒருவேளை காயம் ஏற்பட்டு அறுவைச் சிகிச்சை நடந்தால், ஒன்பது மாதங்களுக்கு முன் அவளைப் போட்டிக்கு அனுப்ப யார் வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள். அவசரமாகத் திரும்புபவர்களுக்கே மறுகாயம் அதிகம்.

பள்ளியைப் பொறுத்தவரை, ஜேக்கபெல்லிஸ் படித்த, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள ஸ்ட்ராட்டன் மவுண்டன் பள்ளி படிப்பையும் பனிப் பயிற்சியையும் ஒன்றாகவே நடத்தும் நிறுவனம். அங்கே சேர்பவர் படிப்பை விடுவதில்லை. உங்கள் மகளுக்கும் அத்தகைய பள்ளி கிடைத்து, செலவு உங்கள் கைக்கு எட்டினால் சேர்க்கலாம். ஆனால் சேர்க்கும் முன் இரண்டு கேள்விகளை நேரில் கேளுங்கள்: காயம் காரணமாக ஒரு பருவம் முழுவதும் சறுக்க முடியாத மாணவியை என்ன செய்வார்கள்? கோடைக்கால உடற்பயிற்சிக்குத் தனிப் பயிற்சியாளர் இருக்கிறாரா? இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லாத பள்ளியில் பணம் கட்ட வேண்டாம்; இப்போதைய பள்ளியிலேயே படிக்கட்டும், வார இறுதிகளில் பனிச்சறுக்குச் சங்கத்தில் பயிற்சி பெற்றால் போதும்.