மூன்று வாரத்துக்கு மெடிக்கா போகலாமா?

கேள்வி: உக்ரைனின் கார்கிவில் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது போர் வந்தது. 2022 மார்ச்சில் எல்லைக் கிராமமான ஷெஹினி வழியாக நடந்து, போலந்தின் மெடிக்காவுக்குள் நுழைந்தேன். யாரென்றே தெரியாதவர்கள் சூப்பும் கம்பளியும் கொடுத்தார்கள். படிப்பை வேறு நாட்டில் முடித்து, இப்போது ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை. நான்கு மாதம் கழித்து மூன்று வாரம் விடுப்பு கிடைக்கும். அதே மெடிக்காவுக்குப் போய் உக்ரைன் குடும்பங்களுக்கு உதவ வேண்டும். ரஷ்ய மொழி ஓரளவு வரும். என்ன செய்ய வேண்டும்?

பதில்: மெடிக்காவுக்குப் போகாதீர்கள். நீங்கள் பார்த்த கூடாரங்களும் கூட்டமும் இப்போது அங்கே இல்லை. அன்று எல்லை கடந்த குடும்பங்கள் வார்சா, கிராக்கோ, வ்ரோத்ஸ்வாஃப் போன்ற நகரங்களில் வாடகை வீடுகளில் இருக்கின்றன. 2022 மார்ச் 4 அன்று ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்த தற்காலிகப் பாதுகாப்பு (அங்கே தங்கவும் வேலை செய்யவும் உரிமை), 2027 மார்ச் 4 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அவர்களுடைய இன்றைய தேவை சூப்பு அல்ல. போலிஷ் மொழி, வேலை, வாடகை, பிள்ளைகளின் பள்ளி இவைதான். போலிஷ் தெரியாத ஒருவர் மூன்று வாரத்தில் இவற்றில் செய்யக்கூடியது குறைவு. இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால், உண்மையில் பயன்படும் வேலை எது என்று தேடலாம்.

பொருள் கிடங்கு அப்படி ஒரு இடம். மொழி அதிகம் வேண்டாம், ஆனால் ஒழுங்கு வேண்டும். நன்கொடைத் துணிகளை "சிறியது, பெரியது" என்று பிரித்தால் யாருக்கும் உதவாது. அங்கே குழந்தைத் துணியின் அளவு என்பது குழந்தையின் உயரம், சென்டிமீட்டரில்: 98, 104, 110, 116 என்று ஆறு ஆறாகப் போகும். அளவு, பருவம் இரண்டையும் பெட்டியின் மேலேயும் இரு பக்கங்களிலும் எழுத வேண்டும். மேலே மட்டும் எழுதினால், அடுக்கிய பிறகு தெரியாது. பெட்டியின் எடை 15 கிலோவைத் தாண்ட வேண்டாம். கீழ்ப்பெட்டி நசுங்கும், தூக்குபவர் முதுகும் போகும். உதிரி மாத்திரைகளைத் தனியே எடுத்து வையுங்கள், யாருக்கும் கொடுக்கக் கூடாது. குழந்தைப் பால்பவுடரையும் மேசையில் பரப்பி வைத்து எல்லாத் தாய்மார்களுக்கும் கொடுக்காதீர்கள். இலவசமாகக் கிடைத்த டப்பாவால் புட்டிப்பாலுக்கு மாறிய தாய்க்குச் சுரப்பு குறையும். டப்பா தீர்ந்த பிறகு என்ன செய்வாள்? ஏற்கெனவே புட்டிப்பாலை நம்பியிருக்கும் குழந்தைக்கு, சுகாதாரப் பணியாளர் வழியாகத்தான் அது போக வேண்டும்.

குழந்தைகளோடு பழகும் பொறுப்பை இந்த முறை கேட்காமல் இருப்பதே நல்லது. 2024 பிப்ரவரி முதல் போலந்துச் சட்டம் இதில் கடுமையாகியிருக்கிறது. உங்கள் நாட்டின் குற்றப்பின்னணிச் சான்றோடு, கடந்த 20 ஆண்டுகளில் நீங்கள் வாழ்ந்த நாடுகளின் சான்றும் கேட்பார்கள். உங்களுக்கு அது உக்ரைனும், படிப்பை முடித்த நாடும் சேர்ந்து மூன்று. காகிதம் ஒருபுறம் இருக்கட்டும். ஏற்கெனவே பலரைப் பிரிந்த குழந்தை, மூன்று வாரம் ஒட்டிக்கொண்ட அண்ணனையும் பிரிய வேண்டியிருக்கும்.

பெரியவர்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. "வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார்?" என்பது நம் ஊரில் அன்பான விசாரிப்பு. அங்கே அதைக் கேட்கவே கேட்காதீர்கள். போர் தொடங்கியதிலிருந்து 18 முதல் 60 வயது வரையிலான உக்ரைன் ஆண்கள் பெரும்பாலும் நாட்டைவிட்டு வெளியேற முடியாது (2025 ஆகஸ்டில் 22 வயது வரையிலானவர்களுக்கு இதைத் தளர்த்தினார்கள்). அந்தப் பெண்ணின் கணவர் போர்முனையில் இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். ரஷ்ய மொழியிலும் இதே கவனம் வேண்டும். கார்கிவ்காரர்கள் பலர் வீட்டில் ரஷ்யன் பேசி வளர்ந்தவர்கள்தான், ஆனால் போருக்குப் பிறகு வேண்டுமென்றே அதை விட்டவர்களும் உண்டு. "டோப்ரி டென்" என்று உக்ரைனிய மொழியில் வணக்கம் சொல்லிவிட்டு, ரஷ்யனில் பேசலாமா என்று கேளுங்கள். முடிவு அவர்களுடையது.

நீங்கள் மருத்துவர் என்பதை, சேரும் தொண்டு அமைப்பிடம் சொல்லுங்கள், ஆனால் மருத்துவம் பார்க்காதீர்கள். போலந்தில் பதிவு இல்லாமல் ஒரு தலைவலி மாத்திரை கொடுப்பதும் தவறு. அரைகுறை ரஷ்யனில் நோயாளிக்கும் மருத்துவருக்கும் மொழிபெயர்ப்பதும் ஆபத்து.

இனி காகித வேலை. டிக்கெட் போடுவதற்கு முன் அமைப்பின் கடிதம் வேண்டும். வார்சாவின் ஓத்சாலேனியே அறக்கட்டளை, காரிதாஸ் போல்ஸ்கா என்ற கத்தோலிக்கத் தொண்டு அமைப்பு, மெடிக்காவுக்கு அருகிலுள்ள ப்ஷெமிஷ்ல் நகரின் உக்ரைன் இல்லம் ஆகியவற்றுக்கு எழுதிப் பாருங்கள். தேதி, பேசும் மொழிகள், எடை தூக்க முடியுமா, தங்குமிடமும் சாப்பாடும் உங்கள் செலவா என்பதை முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுங்கள். "எதுவானாலும் செய்வேன்" என்று மட்டும் எழுதினால், உங்களை எங்கே பொருத்துவது என்று யோசிக்கும் வேலையும் அவர்கள் தலையில் விழும். 30 நாளுக்குக் குறைந்த தன்னார்வப் பணிக்கு அங்கே எழுத்து ஒப்பந்தம் கட்டாயமில்லை. இருந்தாலும் கேட்டு வாங்குங்கள், விசாவுக்கு உதவும். அந்தக் குறுகிய காலத்துக்கான விபத்துக் காப்பீடு அமைப்பின் கடமை, அதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

போலந்துக்குப் போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா), பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், 45 நாள் வரையும் இழுக்கலாம். நான்கு மாதம் இருப்பதால் இந்த மாதமே எழுதத் தொடங்குங்கள். நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா என்று போடாதீர்கள், கடிதத்தில் உள்ளதையே போடுங்கள். பழைய நண்பர்களைப் பார்க்க உக்ரைனின் லிவிவ் வரை எட்டிப்பார்க்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒருமுறை நுழைவு விசா என்றால் திரும்பி வர முடியாது. சாதாரணப் பயணக் காப்பீடு போர்ச் சேதத்தையும் ஏற்காது.

மூன்று அமைப்பிலிருந்தும் "இப்போது ஆள் வேண்டாம்" என்று பதில் வந்தால், போகாதீர்கள். எஞ்சின் (ENGin) என்ற அமைப்பு, உக்ரைனியர்களோடு வாரம் ஒருமுறை இணையத்தில் ஆங்கிலம் பேசிப் பழக தன்னார்வலர்களை இணைக்கிறது. அதை ஈரோட்டிலிருந்தே செய்யலாம், மூன்று வாரத்தோடு நிறுத்தவும் வேண்டியதில்லை.