கேலரியில் பிடித்த பந்துக்கு வரி எப்போது?

கேள்வி: வணக்கம் சார். டெக்சாஸில், டாலஸ் பக்கம் வசிக்கிறோம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். இருவர் சம்பளமும் சேர்த்து வருடத்துக்கு 2,60,000 டாலர். இரண்டு மாதம் முன்பு ஆர்லிங்டனில் பேஸ்பால் மேட்ச் பார்க்கப் போயிருந்தோம். எல்லோரும் பெரிதாகப் பேசிக்கொண்டிருக்கும் ஒரு புது வீரர் அடித்த முதல் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்சர் மாதிரி) பந்து நேராக என் கையில் வந்து விழுந்தது. பந்தைத் திருப்பிக் கொடுத்தால் கையெழுத்துப் போட்ட பேட்டும் ஜெர்சியும் தருவதாக அணி ஊழியர் சொன்னார். நான் கொடுக்கவில்லை. இப்போது ஒரு டீலர் 30,000 டாலருக்குக் கேட்கிறார். "பிடித்த அன்றே அது உனக்கு வருமானம், விற்காவிட்டாலும் வரி கட்டணும்" என்று ஆபீஸ் நண்பர் பயமுறுத்துகிறார். உண்மையா? பத்து வயது மகன் பெயருக்கு மாற்றினால் வரி குறையுமா? அதிர்ஷ்டத்தில் கையில் விழுந்த பந்துக்கு வரி கேட்பது நியாயம்தானா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். பந்தைப் பிடித்து வீட்டு அலமாரியில் வைத்திருக்கும் ரசிகரிடம் வரி வசூலிக்கும் வழக்கம் ஐஆர்எஸ்ஸிடம் (அமெரிக்க வருமான வரித் துறை) இல்லை. விற்கும்போதுதான் வரி. ஆனால் உங்கள் நண்பர் சொன்னதைப் புரளி என்றும் தள்ளிவிட முடியாது. சட்டப் புத்தகத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 61-வது பிரிவு, எந்த வழியில் வந்தாலும் வருமானம் வருமானம்தான் என்கிறது. அதன் கீழ் உள்ள ஒரு விதிப்படி, கண்டெடுத்த புதையலுக்கு, அது தகராறு இல்லாமல் உங்கள் வசம் வந்த ஆண்டிலேயே வரி உண்டு. 1957-ல் ஒரு தம்பதி ஏலத்தில் 15 டாலருக்குப் பழைய பியானோ ஒன்றை வாங்கினார்கள். ஏழு வருடம் கழித்து அதைச் சுத்தம் செய்தபோது உள்ளே 4,467 டாலர் ரொக்கம் இருந்தது. அதற்கு வரி கட்டிவிட்டு, அப்புறம் அந்த வரியைத் திருப்பிக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். 1969-ல் ஒஹையோ கூட்டாட்சி நீதிமன்றம் தரமுடியாது என்று சொல்லிவிட்டது. இந்த விதியை அப்படியே நீட்டிப் பார்த்தால் உங்கள் கையில் விழுந்த பந்தும் புதையல்தான். உங்கள் நண்பர் அங்கிருந்துதான் பேசுகிறார்.

1998 செப்டம்பரில் இந்த விவகாரம் நாடு முழுக்கப் பேச்சானது. ஒரே சீசனில் 61 ஹோம் ரன் என்ற ரோஜர் மாரிஸின் 1961-ம் ஆண்டுச் சாதனையை மார்க் மெக்வயர் உடைக்கப்போகும் நேரம். 62-வது பந்தைப் பிடிக்கிறவர் அதை மெக்வயரிடமே திருப்பிக் கொடுத்தால், பெரிய மதிப்புள்ள பொருளை அன்பளிப்பு தந்ததாகக் கணக்காகி அன்பளிப்பு வரி கட்ட வேண்டி வரலாம் என்று ஐஆர்எஸ் தரப்பில் ஒருவர் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். வெள்ளை மாளிகையிலிருந்து காங்கிரஸ் வரை எல்லாரும் கொதித்தார்கள். உடனே ஐஆர்எஸ் ஒரு விளக்கம் வெளியிட்டது. பந்தை அப்போதே திருப்பிக் கொடுக்கும் ரசிகருக்கு வருமான வரியும் கிடையாது, அன்பளிப்பு வரியும் கிடையாது. பரிசை வேண்டாம் என்று மறுத்தவரைப் போலத்தான் அவரும். விற்றால் மட்டும் நிலைமை வேறு. பேஸ்பாலின் இன்ஃபீல்டு ஃப்ளை விதியைப் போல வரிச் சட்டத்திலும் சில பகுதிகள் புரியக் கடினமானவை என்று ஐஆர்எஸ் தலைவர் சார்லஸ் ரொசோட்டியே அதில் ஒப்புக்கொண்டார். கடைசியில் அந்த 62-வது பந்து ரசிகர்கள் பக்கமே போகவில்லை. மைதான ஊழியர் ஒருவர் எடுத்து மெக்வயரிடம் கொடுத்துவிட்டார்.

அந்த விளக்கம் திருப்பிக் கொடுப்பவரையும் விற்பவரையும் பற்றிப் பேசியது. நடுவில் இருப்பவரை, அதாவது கொடுக்காமலும் விற்காமலும் வைத்துக்கொள்கிறவரை, அப்படியே விட்டுவிட்டது. அந்த இடைவெளி என்ன செய்தது என்று பாருங்கள். 2007 ஆகஸ்டில் பாரி பாண்ட்ஸ் 756-வது ஹோம் ரன் அடித்து, ஹேங்க் ஆரனின் வாழ்நாள் சாதனையைத் தாண்டினார். அந்தப் பந்தைப் பிடித்தது நியூயார்க்கிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர். வைத்திருந்தாலே வரி வந்துவிடும், அதைக் கட்டத் தன்னால் முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு அவர் அதை ஏலத்துக்கு விட்டார். சுமார் 7,52,000 டாலருக்குப் போனது. பணம் கிடைத்தது, சரி. ஆனால் அவர் முடிவை எடுக்கவைத்தது விருப்பம் இல்லை, வரிப் பயம். எனக்கு இதில்தான் வருத்தம். ஒரு மனிதர் தன் வாழ்க்கையின் பெரிய ஞாபகத்தை வைத்துக்கொள்வதா விற்பதா என்பதைத் தெளிவில்லாத ஒரு விதி தீர்மானிக்கக் கூடாது.

அதனால் உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில் இது: பிடித்ததற்கு வரி கூடாது, விற்றதற்குக் கட்டாயம் வேண்டும். ஊரில் உங்கள் மனைக்கு விலை ஏறிவிட்டது என்பதற்காக யாரும் வந்து வருமான வரி கேட்பதில்லை. விற்றுக் கையில் காசு வரும்போதுதான் கேட்கிறார்கள். பந்துக்கும் அதுவே முறை. பியானோவில் இருந்தது ரொக்கம், அதன் மதிப்பு அதிலேயே அச்சாகியிருந்தது. பந்துக்கு அப்படி ஒரு விலை கிடையாது. 2022-ல் ஆரன் ஜட்ஜ் அடித்த 62-வது ஹோம் ரன் பந்து, உங்கள் ஆர்லிங்டன் ஸ்டேடியத்தில் பிடிபட்டதுதான், அதற்கு 30 லட்சம் டாலர் வரை தர ஆள் வந்ததாகச் செய்திகள் வந்தன. ஏலத்தில் போனதோ 15 லட்சத்துக்கு. அந்த 30 லட்சத்தை மதிப்பாக வைத்து உச்ச விகிதமான 37 சதவீதம் கேட்டிருந்தால் வரி மட்டும் 11 லட்சத்தைத் தாண்டும். விற்ற காசில் முக்கால்வாசி அதற்கே போயிருக்கும்.

ஆனால் அதிர்ஷ்டத்தில் வந்தது என்பதால் விற்ற பணத்துக்கும் வரி வேண்டாம் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. லாட்டரியும் அதிர்ஷ்டம்தான், அதற்கு வரி உண்டு. இரவு ஷிப்ட் பார்க்கும் நர்ஸின் சம்பளத்துக்கும் வரி உண்டு. 2024-ல் ஷோஹெய் ஓட்டானியின் 50-வது ஹோம் ரன் பந்து சுமார் 44 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அவ்வளவு பணம் வரியில்லாமல் ஒருவர் கைக்குப் போவதை, உழைத்துச் சம்பாதித்து வரி கட்டுகிறவர்களிடம் எப்படி நியாயப்படுத்துவது? உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. ஒருவர் பந்தை விற்காமலே வைத்திருந்து இறந்துபோனால், வாரிசுக்கு அன்றைய சந்தை மதிப்பே அடக்க விலை (ஆதாயம் கணக்கிட விற்ற விலையிலிருந்து கழிக்கும் தொகை) ஆகிவிடும். வாரிசு மறுநாளே விற்றால் வருமான வரி ஏறக்குறைய இல்லை. சட்டத்தைத் திருத்துகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இனி உங்கள் 30,000 டாலர். பிடித்தபோது வருமானமாகக் காட்டவில்லை என்பதால் பந்தின் அடக்க விலை பூஜ்யம். டிக்கெட் விலை, பார்க்கிங் எதையும் கழிக்க முடியாது. விற்பனைக்காகக் கொடுக்கும் கமிஷனைக் கழிக்கலாம். டீலரிடம் நேரடியாகக் கொடுத்தால் முழு 30,000-மும் ஆதாயம். 2025 வரி அடுக்குப்படி, கூட்டு ரிட்டர்ன் போட்டு வழக்கமான கழிவு எடுக்கும் நீங்கள் 24 சதவீத அடுக்கில் இருப்பீர்கள். அது 7,200 டாலர். கூட்டு வருமானம் 2,50,000-ஐத் தாண்டுவதால் முதலீட்டு வருமானத்தின் மீதான 3.8 சதவீதமும் சேரும், அது 1,140. மொத்தம் 8,340. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லாதது உங்களுக்கு நல்லது. கலிஃபோர்னியாவில் இருந்திருந்தால் அதுவும் சேர்ந்திருக்கும்.

"ஒரு வருடம் வைத்திருந்து விற்றால் வரி குறையும்" என்று அடுத்து யாராவது சொல்வார்கள். உங்கள் விஷயத்தில் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். சேகரிப்புப் பொருளை ஒரு வருடத்துக்கு மேல் வைத்து விற்றால் வரி 28 சதவீதத்தைத் தாண்டாது என்பதுதான் விதி. அது உச்சவரம்பு, சலுகை விகிதம் இல்லை. 24 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு அதே 24 சதவீதம்தான், ஒரு டாலர்கூட மிச்சமில்லை. 37 சதவீத அடுக்கில் பத்துப் பதினைந்து லட்சத்துக்குப் பந்தை விற்பவருக்குத்தான் அந்தக் காத்திருப்பில் பெரிய லாபம். சேகரிப்புப் பொருள்களின் சட்டப் பட்டியலில் பேஸ்பால் என்ற பெயர் இல்லை, ஆகவே பங்குகளைப் போல 15 சதவீதம் போதும் என்று வாதிடலாம். அப்படியானால் 2,700 டாலர் மிச்சம். 2,700 டாலருக்காக ஐஆர்எஸ்ஸோடு வாதத்துக்கு நிற்பதை நான் சொல்ல மாட்டேன். அதற்குள் அந்த வீரருக்குத் தோளில் காயம் ஏற்பட்டாலோ, ஆட்டம் சுமாரானாலோ, பந்தின் விலை அதைவிட அதிகமாக இறங்கும்.

மகன் பெயருக்கு மாற்றுவதில் பெரிய பயனில்லை. உங்கள் பூஜ்ய அடக்க விலைதான் அவனுக்கும் போகும். அவன் வயதுப் பிள்ளைகளின் உழைப்பில்லாத வருமானம் 2,700 டாலரைத் தாண்டினால், மேலே உள்ளதற்குப் பெற்றோரின் விகிதத்திலேயே வரி. தவிர, 2025-ல் ஒருவருக்கு 19,000 டாலருக்கு மேல் அன்பளிப்பு கொடுத்தால் அன்பளிப்பு வரிப் படிவம் 709 வேறு தாக்கல் செய்ய வேண்டும். ஆனால் பந்தை விற்காமல் மகனுக்கே வைத்திருக்க நினைத்தால் அது அழகான முடிவு, தாராளமாகச் செய்யுங்கள். அதற்கு எந்த வரி அவசரமும் இல்லை.

பேட், ஜெர்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பந்தைக் கொடுத்து அவற்றை வாங்கியிருந்தால் அது பண்டமாற்று. அவற்றின் மதிப்பு உங்கள் வருமானமாகியிருக்கும். 2011-ல் நியூயார்க் யாங்கீஸ் அணி வீரர் டெரெக் ஜீட்டரின் 3,000-வது ஹிட் பந்தை ஒரு ரசிகர் காசு கேட்காமல் திருப்பிக் கொடுத்தார். அணி நன்றியோடு கொடுத்த சீசன் டிக்கெட்டுகளுக்கும் பேட்டுகளுக்கும் ஆயிரக்கணக்கில் வரி வரும் என்று பேச்சு எழுந்து, சில நிறுவனங்கள் அதைக் கட்ட முன்வந்தன. உங்களிடம் ஊழியர் மறுபடி பேசினால், பொருளோடு வரிச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

டீலரிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன், இது அந்தப் பந்துதான் என்பதற்கான ஆதாரத்தைச் சேர்த்து வையுங்கள். சாதனை நெருங்கும்போது லீக் தனி அடையாளமிட்ட பந்துகளைப் பயன்படுத்துவது உண்டு. சாதாரணப் பந்து கூட்டத்துக்குள் விழுந்துவிட்டால் அதற்கு லீக்கின் சான்று கிடைப்பது கடினம். டிக்கெட், இருக்கை எண், நீங்கள் பிடிப்பது தெரியும் ஒளிபரப்பு வீடியோ, பக்கத்தில் இருந்தவர்களின் எழுத்து வாக்குமூலம், எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். 30,000 என்ற விலையே இவற்றை நம்பித்தான் இருக்கிறது. வேறு ஒன்றிரண்டு ஏல நிறுவனங்களிடமும் மதிப்புக் கேளுங்கள்.

விற்ற பிறகு படிவம் 8949-லும் ஷெட்யூல் டி-யிலும் காட்ட வேண்டும். வந்த பணத்தில் 8,500 டாலரை அன்றே தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். முன்கூட்டிய வரியைக் காலாண்டுத் தவணையாகக் கட்டலாம். சம்பளக்காரர்களுக்கு அதைவிட எளிய வழி, ஆபீசில் டபிள்யூ-4 படிவத்தை மாற்றி, வருட முடிவுக்குள் சம்பளத்தில் கூடுதலாகப் பிடிக்கச் சொல்வது. டிசம்பரில் பிடித்தாலும் அது வருடம் முழுக்கச் சமமாகக் கட்டியதாகவே எடுத்துக்கொள்ளப்படும், அபராதம் வராது.