குர்ஆன் ஓதும்போது எங்கே எவ்வளவு நீட்ட வேண்டும்?

மத்து, அதாவது எழுத்தை நீட்டி ஓதுவது, சில இடத்தில் இரண்டு, சில இடத்தில் நான்கு, சில இடத்தில் ஆறு என்கிறார்களே, எதை முதலில் பழகுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டைப் பழகுங்கள். மற்றவை பிறகு தானாக அமையும்.

ஸபருக்கு ('அ' குறி) பின் அலிஃப், ஜேருக்கு ('இ' குறி) பின் சுகூன் (உயிரொலி இல்லை என்று காட்டும் குறி) உள்ள யா, பேஷுக்கு ('உ' குறி) பின் சுகூன் உள்ள வாவ். இவை வந்தால் இரண்டு ஹரகத், அதாவது இரண்டு குறில் ஒலிக்கும் நேரம். இதுதான் மத்து தபீஈ. 'அர்ரஹ்மான்' என்பதில் எழுத்தின் மேல் நிமிர்ந்து நிற்கும் சின்ன அலிஃபுக்கும் இதே அளவு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று படித்த நமக்கு இது புதிதே அல்ல.

இந்த மத்துக்கு மேலே, நீண்ட மத்தைக் காட்டும் அலைக்கோடு இருக்காது. அதனாலேயே வேகமாக ஓதும்போது முதலில் தேய்வது இதுதான். காஃபிரூன் சூராவில் 'லா அஃபுது மா தஃபுதூன்' என்றால் 'நீங்கள் வணங்குவதை நான் வணங்க மாட்டேன்'. அந்த 'லா'வைக் குறுக்கி 'ல அஃபுது' என்று ஓதிவிட்டால் 'நிச்சயமாக வணங்குகிறேன்' என்றாகிவிடும்! ஈமானின் பிரகடனமே தலைகீழாகிறது. அதேபோல ராகத்துக்காக ஃபாத்திஹாவின் 'நஃபுது'வை 'நஃபுதூ' என்று இழுப்பதும் தவறு. கூட்டினாலும் குறைத்தாலும் லஹ்ன் ஜலீ, அதாவது வெளிப்படையான பிழைதான்.

அலைக்கோடு இருந்தால் அடுத்து ஹம்ஸாவோ (தொண்டையில் வெட்டி ஒலிக்கும் எழுத்து) சுகூனோ ஷத்தோ (எழுத்தை இரட்டிக்கும் குறி) வருகிறது என்று பொருள். ஹம்ஸா அதே சொல்லில் வந்தால் ('ஜாஅ') முத்தஸில். அடுத்த சொல்லின் தொடக்கத்தில் வந்தால் ('இன்னா அன்ஸல்னாஹு') முன்ஃபஸில். ஹஃப்ஸ் என்ற ஓதல் முறையில், ஷாதிபிய்யா நூலின் வழியில், இரண்டுக்கும் நான்கு அல்லது ஐந்து. முத்தஸிலை எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் தவ்பா சூராவின் 60ஆம் வசனத்தில் 'லில்ஃபுகராஇ' என்பதை நீட்டாமல் ஓதியபோது, நபி (ஸல்) எனக்கு இப்படி ஓதிக் காட்டவில்லை என்று நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) திருத்தி, நீட்டி ஓதிக் காட்டியதாக தப்ரானியின் ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. ஒரே ஒரு நீட்டல், அதற்கே இவ்வளவு கவனம்.

'வலள்ளால்லீன்' போல ஷத்துக்கு முன் வருவது லாஸிம். ஆறுக்குக் குறையக் கூடாது. வசனக் கடைசியில் நிறுத்தும்போது ('ஆலமீன்', 'நஸ்தஈன்') இரண்டு, நான்கு, ஆறு எதுவும் சரி. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஓதல் முழுக்க அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

விரலை மடக்கி எண்ணுவது ஆரம்பத்துக்கு மட்டும் உதவும். ஹரகத்துக்கு நொடிக்கணக்கு கிடையாது. வேகமாக ஓதினால் எல்லா மத்தும் ஒரே விகிதத்தில் சுருங்க வேண்டும். இந்த விகிதம் காதில் படிய, எகிப்தின் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி (1917–1980) ஓதியதைக் கேளுங்கள். ஃபாத்திஹாவை அவரோடு சேர்ந்து ஓதிப் பழகிய பிறகு, ஓர் உஸ்தாத் (ஆசிரியர்) முன் உட்கார்ந்து ஓதிக் காட்டுங்கள். நம் காதுக்குத் தப்பும் குறுக்கல்களை அவர்தான் பிடிப்பார்.