மார்க் குறைந்தால் மறதி நோயா?

கேள்வி: அப்பாவுக்கு 79 வயது, ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதியவர். ஒரு வருடமாகப் பொருளின் பெயர் வராமல் ‘அது, மற்றது’ என்று கையைக் காட்டுகிறார். மறதி நோய்ப் பரிசோதனையில் படங்களைக் காட்டித் தமிழில் பெயர் கேட்டார்கள், பாதிக்கு மேல் சொல்லவில்லை. வீட்டில் மலையாளத்தில் நன்றாகவே பேசுகிறார். அந்த மார்க்கை நம்பலாமா?
- வாசகி, களியக்காவிளை

பதில்: அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். அப்பா பள்ளியில் எந்த மொழியில் படித்தார் என்று பரிசோதித்தவர் கேட்டாரா? 1956 நவம்பர் 1 வரை நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது, விளவங்கோடு பக்கம் அந்த வயதுக்காரர்களில் மலையாளத்தில் எழுத்துப் படித்தவர்கள் நிறைய. இப்படிப்பட்டவரை இரண்டு மொழியிலும் கேட்க வேண்டும், எதில் சொன்னாலும் சரி என்று எடுக்க வேண்டும். கிழங்கின் படத்தைக் காட்டினால் அவர் மரச்சீனி என்றுதான் சொல்வார், மரவள்ளி என்று சொல்லவில்லை என்று மார்க்கைக் குறைத்தால் தப்பு அவருடையதல்ல. ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்கிறார் என்று பார்க்கும் சோதனையிலும் இப்படித்தான்.

அப்புறம், எத்தனை தப்பு என்பதைவிட எப்படிப்பட்ட தப்பு என்பதுதான் விஷயம். பூட்டைக் காட்டினால் பெயர் வரவில்லை, ஆனால் சாவி போட்டுத் திறக்கிற மாதிரி கையால் செய்து காட்டுகிறார், ‘பூ...’ என்று நீங்கள் தொடங்கியதும் சொல்லிவிடுகிறார் என்றால், பொருள் தெரிகிறது, சொல்தான் சிக்கிக்கொள்கிறது. அதுவே, பூட்டு எதற்கு என்றே தெரியாமல் விழித்தால், எந்த மொழியில் கேட்டாலும் அதே விழிப்பு என்றால், அர்த்தமே அழிகிறது, அது வேறு பிரச்சினை. சொன்னதைத் திருப்பிச் சொல்கிறாரா, நீளமான வாக்கியம் புரிகிறதா, வாசித்து எழுதுகிறாரா என்றும் பார்ப்பார்கள். நினைவு ஓரளவு நன்றாக இருக்க, பேச்சு மட்டும் முதலில் தேய்கிற வகையும் உண்டு. மெசுலம் என்ற அமெரிக்க நரம்பியல் டாக்டர் 1982-ல் அப்படிப்பட்ட 6 பேரைப் பற்றி எழுதிய பிறகுதான் இதைத் தனியாகக் கவனிக்கத் தொடங்கினார்கள்.

இதெல்லாம் காது கேட்டு, கண் தெரிந்த பிறகுதான். கண்புரையோடு உட்கார்ந்தவரிடம் மங்கலான கோட்டுப்படத்தைக் காட்டிப் பெயர் கேட்கிற கூத்தும் நடக்கத்தான் செய்கிறது! ரத்தத்தில் தைராய்டு, வைட்டமின் பி12, சோடியம் அளவு பார்த்தாயிற்றா? மனச்சோர்வு இருந்தாலும் பேச்சு குறையும்.

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜிலோ திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா ஆஸ்பத்திரியிலோ நரம்பியல் டாக்டரைப் பாருங்கள், இரண்டு மொழியும் தெரிந்த பேச்சு சிகிச்சையாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள். அப்பா வீட்டில் சாதாரணமாகப் பேசுவதை, அவர் சம்மதித்தால், போனில் கொஞ்ச நேரம் பதிவு செய்து கொண்டுபோங்கள், ஆஸ்பத்திரி அறையில் வராத பேச்சு அதில் இருக்கும்.

ஒருவேளை திடீரென்று ஒரே நாளில் பேச்சு குழறினாலோ வாய் கோணினாலோ எந்தச் சோதனைக்கும் காத்திருக்க வேண்டாம், அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.